பேச்சு போன பிறகும் பேச முடியுமா? மூளை-கணினி இடைமுகம் இன்று எந்த இடத்தில் இருக்கிறது

"மூளையில் சிப் வைத்து, நினைப்பதையெல்லாம் கணினியில் வர வைக்கிறார்களாமே, இது எதற்கெல்லாம் பயன்படுகிறது? என் சித்தப்பாவுக்கு ஏ.எல்.எஸ். என்று சொல்லிவிட்டார்கள். வயது 52. கை ஏற்கெனவே தூக்க வரவில்லை. இப்போது பேச்சும் குழற ஆரம்பித்திருக்கிறது. அவருக்கு இது உதவுமா? நம் நாட்டில் கிடைக்குமா?" இதுதான் கேள்வி.

உங்களுக்கு உடனே தேவைப்படும் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் சித்தப்பாவைப் போன்ற ஒருவருக்குப் பேச்சைத் திருப்பித் தர முடியும் என்பது செய்து காட்டப்பட்டுவிட்டது. ஆனால் அது இன்னும் ஆராய்ச்சிப் பரிசோதனையாகத்தான் நடக்கிறது. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் போய்ப் பொருத்திக்கொள்ளலாம் என்ற நிலை வரவில்லை. அதுவரை வீட்டில் செய்யக்கூடியவை சில உண்டு. அதில் ஒன்றை இந்த வாரமே செய்தாக வேண்டும், அதைக் கடைசியில் சொல்கிறேன். மூளை மின்னலைப் பதிவுகளைப் பகுத்துப் பார்க்கும் வேலையில் பல வருடம் இருந்தவன் என்பதால், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

"நினைப்பதையெல்லாம்" என்ற சொல்லைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். இப்போதுள்ள கருவிகளில் பெரும்பாலானவை நினைப்பைப் படிப்பதில்லை, முயற்சியைப் படிக்கின்றன. நாம் "அம்மா" என்று சொல்ல நினைத்தவுடன் மூளையின் ஒரு பகுதி உதட்டுக்கும் நாக்குக்கும் தாடைக்கும் குரல்வளைக்கும் "இப்படி அசை" என்று கட்டளை அனுப்புகிறது. ஏ.எல்.எஸ். நோயில் (நம்மூர் நரம்பியல் மருத்துவர்கள் சீட்டில் எம்.என்.டி. என்று எழுதுவார்கள்) அந்தக் கட்டளையைத் தசைக்கு எடுத்துப்போகும் நரம்பணுக்கள் மடிகின்றன. கட்டளை பிறக்கும் இடத்திலும் சேதம் உண்டு. இருந்தும், பேச்சு முழுவதும் நின்ற பிறகுகூட அங்கே படிக்கும் அளவுக்குக் கட்டளை மிச்சமிருக்கிறது. தபால்காரர் வரவில்லை, ஆனால் கடிதம் எழுதப்பட்டுக்கொண்டேதான் இருக்கிறது. அந்தக் கடிதத்தை வீட்டுக்குள்ளேயே போய் வாங்கிக்கொள்வதுதான் மூளை-கணினி இடைமுகம்.

இது நேற்று முளைத்த துறை இல்லை. ஜெர்மனியின் யெனா நகரில் ஹான்ஸ் பெர்கர் என்ற மருத்துவர் 1924-ல் மனித மண்டையின் மேலிருந்தே மூளையின் மின்னலையைப் பதிவு செய்தார். வெளியிட்டது 1929-ல். இன்று எந்த மாவட்டத் தலைநகரிலும் எடுக்கிற இ.இ.ஜி. அதுதான். 1973-ல் லாஸ் ஏஞ்சலிஸில் ஜாக் விடால் என்பவர் இந்த அலைகளைக் கொண்டு கணினியை இயக்கலாம் என்று எழுதி, இந்தத் துறைக்குப் பெயரும் வைத்தார். 1988-ல் ஃபார்வெல், டோன்சின் என்ற இருவர், திரையில் எழுத்துக் கட்டங்களை மின்னவிட்டு, தேவையான எழுத்து மின்னும்போது மூளையில் எழும் சிறு அதிர்வைப் பிடித்து எழுத வைத்தார்கள். கத்தி படாமல் வெறும் தொப்பி மாட்டிச் செய்தது இது.

தொப்பியோடு ஏன் நிற்கவில்லை என்று கேட்கலாம். கல்யாண மண்டபத்துக்கு வெளியே சாலையில் நின்றால் கெட்டிமேளம் கொட்டுவது கேட்கும், தாலி கட்டும் நேரம் என்று தெரிந்துவிடும். மூன்றாவது வரிசையில் இரண்டு பேர் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்காது. மண்டையோடும் தோலும் அந்த மண்டபச் சுவர் மாதிரி. லட்சக்கணக்கான நியூரான்கள் ஒன்றாக எழுப்பும் ஓசைதான் வெளியே வரும், அதுவும் ஒரு வோல்ட்டை லட்சம் பங்காக்கினால் வரும் அளவில் சில பங்குகள்தான். கண் சிமிட்டினாலே அதைவிடப் பெரிய சத்தம் வந்து மூடிவிடும். பேச்சு நின்றுபோன ஒரு பெரியவரோடு தொப்பியும் பசையும் வைத்து நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். "தண்ணி" என்ற மூன்று எழுத்து திரையில் வர எத்தனையோ நிமிடம் ஆனது. வந்தபோது எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம்தான், ஆனால் அவர் அதற்குள் களைத்துவிட்டார், தாகமும் ஏறிவிட்டது. அன்றைக்கே எனக்குப் புரிந்தது, பேச்சு என்பது வேகம். மெதுவாக வரும் பேச்சுக்குப் பக்கத்தில் காத்துக்கொண்டிருக்க மனிதர்களால் முடிவதில்லை, அன்புள்ளவர்களாலும்.

சரி, உள்ளே போனவர்கள் என்ன செய்தார்கள்? யூட்டா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் நார்மன் உருவாக்கிய ஒரு சில்லு இருக்கிறது, 4 மில்லிமீட்டர் சதுரம், சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. அதில் சுமார் 100 ஊசிகள். ஒவ்வொன்றும் மூளையின் மேற்பரப்பில் ஒன்றரை மில்லிமீட்டர் ஆழம்வரை இறங்கும். பிரவுன் பல்கலைக்கழகத்தின் ஜான் டோனஹ்யூ குழு, பிரெயின்கேட் என்ற பெயரில் 2004-ல் இதை மேத்யூ நேகிள் என்ற இளைஞருக்குப் பொருத்தியது. கத்திக்குத்தில் தண்டுவடம் அறுபட்டுக் கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் போனவர் அவர். கையை அசைக்க முயன்றதன் மூலமே திரையில் அம்புக்குறியை நகர்த்தி மின்னஞ்சலைத் திறந்தார். 2012-ல் வெளியான ஆய்வில், இதே திட்டத்தில் சேர்ந்த கேத்தி ஹட்சின்சன் என்ற பெண், ஒரு ரோபோ கையை இயக்கிக் காபிக் குடுவையை வாய்க்குக் கொண்டுவந்து உறிஞ்சிக் குடித்தார். பக்கவாதம் வந்து ஏறத்தாழ 15 வருடம் கழித்து யார் உதவியும் இல்லாமல் அவர் குடித்த முதல் மடக்கு அது. அதன் பிறகு அவர் முகத்தில் வந்த சிரிப்பைக் காணொளியில் பார்த்திருக்கிறேன், இன்னும் மறக்கவில்லை.

கை, கால் பக்கம் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் வர வேண்டிய இடம் பேச்சு. பிட்ஸ்பர்கில் நேதன் கோப்லாண்ட் என்பவருக்கு மூளையிலிருந்து கட்டளை எடுப்பதோடு, ரோபோ விரல் எதையாவது தொட்டால் அந்தத் தொடுவுணர்வை மூளைக்குள் திருப்பி அனுப்பவும் செய்தார்கள். தொடுவுணர்வு சேர்ந்ததும் பொருளை எடுத்து வைக்கும் நேரம் பாதியாகக் குறைந்தது. தொட்டுப் பார்க்காமல் இருட்டில் சட்டைப் பொத்தான் போட்டுப் பாருங்கள், ஏன் என்று விளங்கும். ஸ்விட்சர்லாந்தின் லொசானில் கெர்ட்-யான் ஓஸ்காம் என்பவருக்கு மூளையில் ஒரு கருவி, தண்டுவடத்தில் ஒரு கருவி வைத்து, நடுவில் அறுந்த பாதையைக் கம்பியில்லாமல் இணைத்தார்கள். 2023-ல் வெளியான அந்த ஆய்வில் அவர் நிற்கிறார், நடக்கிறார், படியேறுகிறார். பயிற்சிக்குப் பிறகு கருவியை அணைத்துவிட்டாலும் ஊன்றுகோலோடு சில அடி நடக்க முடிந்தது. மூளையும் தண்டுவடமும் அந்த இணைப்பிலிருந்து கொஞ்சம் மீண்டுகொண்டன என்று அர்த்தம்.

எலான் மஸ்க்கின் நியூராலிங்க் பற்றித்தான் நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். 2024 ஜனவரியில் நோலண்ட் ஆர்பா என்பவருக்கு முதன்முதலாகப் பொருத்தினார்கள். தலைமுடியைவிட மெல்லிய 64 இழைகள், மொத்தம் 1,024 மின்முனைகள், தலைக்கு வெளியே ஒயர் எதுவும் கிடையாது. ஒயர் இல்லை என்பதுதான் அதில் பெரிய முன்னேற்றம். பழைய யூட்டா சில்லில் மண்டையிலிருந்து ஒரு பிளக் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அது எப்போதும் கிருமி நுழையக்கூடிய வாசல். ஆனால் சில வாரங்களிலேயே பல இழைகள் மூளையிலிருந்து பின்வாங்கிவிட்டன. மென்பொருளை மாற்றி ஈடுகட்டினார்கள், அவரும் தொடர்ந்து சதுரங்கமும் விளையாட்டும் ஆடிக்கொண்டிருக்கிறார். இன்னொரு வழி ஆஸ்திரேலியாவில் தொடங்கிய சிங்க்ரான் நிறுவனத்துடையது. மண்டையைத் திறப்பதே இல்லை. கழுத்து ரத்தக்குழாய் வழியாக ஒரு வலைக்குழாயை மேலே அனுப்பி, மூளையை ஒட்டிய பெரிய ரத்தக்குழாயில் விரித்துவிடுகிறார்கள், இதயத்துக்கு ஸ்டென்ட் வைப்பது போல. மின்முனைகள் 16 மட்டுமே, அதனால் கிடைக்கும் தகவலும் குறைவு. ஆனாலும் ஒரு பொத்தானை அழுத்துவது, செய்தி அனுப்புவது போன்றவற்றுக்குப் போதும். இதயத்துக்கு ஸ்டென்ட் வைக்கத் தெரிந்த ஊர்களுக்கு இந்த வழிதான் முதலில் வந்து சேரும் என்பது என் கணிப்பு.

இப்போது பேச்சு.

2021-ல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு நல்ல யோசனை செய்தார்கள். அம்புக்குறியை நகர்த்தி எழுத்தைத் தேடுவதற்குப் பதில், கை செயலிழந்த ஒருவரைக் காகிதத்தில் பேனாவால் எழுதுவதாக முயலச் சொன்னார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் கை போகும் வளைவு வேறு, மூளையில் எழும் தடமும் வேறு. நிமிடத்துக்கு 90 எழுத்துகள் வந்தன. அதே ஆண்டு சான் ஃபிரான்சிஸ்கோவில் எட்வர்ட் சாங் குழு, பக்கவாதத்தில் பேச்சிழந்த ஒருவரின் பேச்சு முயற்சியிலிருந்தே நேரடியாகச் சொல்லை எடுத்தது. அப்போது அவருக்குக் கிடைத்த சொற்கள் 50 மட்டும்.

2023-ல் ஸ்டான்ஃபோர்ட் குழு 1,25,000 சொற்களுக்குத் தாவியது, வேகம் நிமிடத்துக்கு 62 சொல். நான்கில் ஒரு சொல் தப்பாக வந்தது. அந்த ஆய்வில் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்த விஷயம் ஒன்று உண்டு. பாடப்புத்தகத்தில் நாம் எல்லோரும் படித்தது, பேச்சுக்குரிய இடம் புரோக்கா பகுதி என்று. அங்கேயும் சில்லுகள் வைத்துப் பார்த்தார்கள், கிட்டத்தட்ட ஒன்றுமே கிடைக்கவில்லை. வாயையும் நாக்கையும் அசைக்கும் பகுதியில்தான் எல்லாத் தகவலும் இருந்தது. இந்தக் கருவி முயற்சியைப் படிக்கிறது என்று மேலே சொன்னேனே, அதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

உங்கள் சித்தப்பா விஷயத்துக்கு மிக நெருக்கமானது அதற்கு அடுத்தது. கேசி ஹாரெல், 45 வயது, ஏ.எல்.எஸ்., பேச்சு முழுக்கக் குழறிப்போய் பழகியவர்களுக்கு மட்டுமே கொஞ்சம் புரியும் நிலை. 2023 ஜூலையில் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் பிராண்ட்மன் என்ற நரம்பியல் அறுவை மருத்துவர், வாயை இயக்கும் பகுதியில் நான்கு சில்லுகளை, மொத்தம் 256 மின்முனைகளை வைத்தார். காயம் ஆறி 25-ஆம் நாள் கருவியை முதன்முதலாக இயக்கினார்கள். அரை மணி நேரப் பயிற்சி, 50 சொற்கள், 99.6 சதவீதம் சரி. திரையில் தான் சொல்ல முயன்ற சொல்லே வந்ததும் அவர் அழுதுவிட்டார். இரண்டாம் நாள் இன்னும் ஒன்றரை மணி நேரம்போலப் பயிற்சி கொடுத்து 1,25,000 சொற்களுக்குப் போனார்கள், 90 சதவீதம். அடுத்த மாதங்களில் அது 97.5 சதவீதத்தில் நிலைத்தது. நிமிடத்துக்குச் சுமார் 32 சொல். வீட்டிலிருந்தபடியே 248 மணி நேரத்துக்கு மேல் பேசியிருக்கிறார்.

எப்படி நடக்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். மின்முனைகள் பிடிக்கும் துடிப்புகளைக் கணினி 80 மில்லிவினாடிக்கு ஒருமுறை பார்த்து, இவர் இப்போது எந்த ஒலியைச் சொல்ல முயல்கிறார் என்று ஊகிக்கிறது. சொல்லை நேராக ஊகிப்பதில்லை. ஆங்கிலத்துக்கு 39 ஒலியன்கள் என்று வைத்துக்கொண்டு, அவற்றில் ஒன்றைத் தேர்கிறது. பிறகு மொழி மாதிரி என்ற இன்னொரு நிரல் வந்து, இந்த ஒலிகளின் வரிசைக்கு எந்தச் சொற்றொடர் பொருந்தும் என்று முடிவு செய்கிறது. கைபேசியில் நீங்கள் பாதி தட்டியதும் மீதியைக் காட்டுகிறதே, அதன் அண்ணன். கடைசியில் அந்த வாக்கியத்தைக் கணினி வாய்விட்டுச் சொல்கிறது. எந்தக் குரலில்? நோய் வருவதற்கு முன்னால் பதிவான ஹாரெலின் சொந்தக் குரலில்.

வாக்கியம் முடிந்த பிறகு குரல் வருவதுதான் அதில் இருந்த குறை. நடுவில் குறுக்கிட முடியாது, "உம்" கொட்ட முடியாது, கேள்வியாக இழுத்துச் சொல்ல முடியாது. 2025-ல் அதே குழு எழுத்தே இல்லாமல் மூளைத் துடிப்பிலிருந்து நேரடியாகக் குரலை எழுப்பியது. தாமதம் வெறும் 25 மில்லிவினாடி. நாம் பேசும்போது நம் குரல் நம் காதுக்கு வந்து சேரும் நேரம்தான். கேள்வியாகக் கேட்க முடிந்தது, ஒரு சொல்லை அழுத்திச் சொல்ல முடிந்தது, சின்ன ராகத்தைப் பாடக்கூட முடிந்தது. தெளிவு இன்னும் போதாது, கேட்டவர்களுக்கு 60 சதவீதம் சொற்களே புரிந்தன. ஆனால் அவருடைய சொந்த வாயில் வந்தபோது புரிந்தது வெறும் 4 சதவீதம்.

சரி, வாயை அசைக்க முயலாமல் மனதுக்குள்ளேயே பேசிக்கொண்டால்? 2025 ஆகஸ்டில் ஸ்டான்ஃபோர்ட் குழு நான்கு பேரிடம் இதைச் சோதித்தது. மனதுக்குள் சொல்வதற்கும் அதே பகுதியில், அதே சாயலில், கொஞ்சம் பலவீனமான தடம் இருக்கிறது. அதைப் படிக்கவும் முடிந்தது, துல்லியம் குறைவாக. நோயாளிக்கு இது நல்ல செய்தி, முயன்று முயன்று களைக்க வேண்டியதில்லை. ஆனால் திரையில் உள்ள வடிவங்களை எண்ணச் சொன்னபோது, அவர்கள் மனதுக்குள் எண்ணிய எண்களும் கொஞ்சம் வெளியே தெரிந்தன. அதனால் அந்தக் குழுவே ஒரு பூட்டையும் செய்தது. மனதுக்குள் ஒரு குறிப்பிட்ட சொற்றொடரைச் சொன்னால்தான் கருவி கேட்கத் தொடங்கும். பூட்டை ஆய்வின் ஒரு பகுதியாகவே வெளியிட்டது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இங்கே நம் நாட்டுக்கு ஒரு நேரடித் தொடர்பு உண்டு. மனத்தின் அந்தரங்கத்தைப் பற்றி உலகம் இவ்வளவு பேசத் தொடங்கும் முன்பே, 2010-ல் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் நம் உச்ச நீதிமன்றம், சம்மதம் இல்லாமல் யாரையும் உண்மை கண்டறியும் சோதனைக்கோ, மயக்க மருந்துச் சோதனைக்கோ, மூளை மின்னலைச் சோதனைக்கோ உட்படுத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது. சிலி நாடு 2021-ல் மூளைத் தரவுக்கு அரசியலமைப்பிலேயே பாதுகாப்பு சேர்த்தது. நம்மிடம் ஒரு தீர்ப்பாக இருப்பது, இனி வரும் கருவிகளுக்கும் பொருந்தும் சட்டமாக வளர வேண்டும் என்று விரும்புகிறேன்.

இன்னொரு விஷயம், கருவி செய்த நிறுவனம் கைவிட்டால் என்ன ஆகும் என்பது. இது கற்பனைப் பயம் இல்லை. செகண்ட் சைட் என்ற அமெரிக்க நிறுவனம் பார்வையற்றவர்களுக்கு விழித்திரையில் பொருத்தும் ஆர்கஸ் கருவியைச் செய்தது, உலகம் முழுக்க சுமார் 350 பேர் பொருத்திக்கொண்டார்கள். நிறுவனம் நொடித்ததும் அவர்கள் கண்ணுக்குள் இருக்கும் கருவிக்கு உதிரிபாகமும் இல்லை, பழுது பார்க்க ஆளும் இல்லை. மூளைக்குள் வைப்பது ஸ்கூட்டர் மாதிரி இல்லை, வேறு மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போக முடியாது. நாளைக்கு உங்கள் குடும்பத்துக்கு யாராவது இப்படி ஒரு கருவியைத் தர முன்வந்தால், பத்து வருடம் கழித்து இதை யார் பார்த்துக்கொள்வார்கள், எடுக்க வேண்டி வந்தால் யார் செலவு என்பதைக் கையெழுத்துக்கு முன்னால் கேளுங்கள்.

இனி நான் அதிகம் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். ஹாரெல் பேசியது ஆங்கிலம். உங்கள் சித்தப்பா பேசுவது தமிழ். அறுவை சிகிச்சை இரண்டு பேருக்கும் ஒன்றுதான், சில்லும் ஒன்றுதான். ஆனால் 1,25,000 சொற்கள் என்ற அந்தப் பட்டியல் நமக்கு உதவாது. ஆங்கிலத்தில் அந்த எண்ணிக்கை அன்றாடப் பேச்சு முழுவதையும் மூடிவிடும். தமிழில் "வா" என்ற ஒரு வினையை எடுத்தாலே வந்தான், வந்தாள், வந்துகொண்டிருந்தார்கள், வரமாட்டேன், வந்தவர்களுக்காக என்று போய்க்கொண்டே இருக்கும். சொல்லாகப் பட்டியல் போட முடியாது, துண்டுகளாகப் பிரித்து ஒட்டத் தெரிந்த மாதிரி வேண்டும்.

அதோடு, எழுதுவது ஒரு தமிழ், பேசுவது வேறு தமிழ். செய்தித்தாளையும் புத்தகத்தையும் படித்து வளர்ந்த மொழி மாதிரி, "அவர்கள் வந்துவிட்டார்கள்" என்பதைத்தான் எதிர்பார்க்கும். மனிதர் சொல்ல முயல்வது "அவங்க வந்துட்டாங்க". மாதிரி தன் இஷ்டத்துக்குத் திருத்தினால், வீட்டில் யாரும் பேசாத தமிழில் ஒரு குரல் பேசும். மகளைக் கூப்பிடும்போது அப்பா மேடைத் தமிழில் கூப்பிடுவதை எந்த மகளும் கேட்க விரும்பமாட்டாள். மதுரைக்காரருக்கு மதுரைப் பேச்சும், யாழ்ப்பாணத்தவருக்கு யாழ்ப்பாணப் பேச்சும் வேண்டும்.

நமக்குச் சாதகமானதும் உண்டு. தமிழில் ஒலிகளின் எண்ணிக்கை குறைவு, எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தூரமும் ஆங்கிலத்தைவிடக் குறைவு. ல, ள, ழ மூன்றும் காதுக்கு நெருக்கமாக ஒலிக்கலாம், ஆனால் நாக்கு போகும் இடம் மூன்றுக்கும் வேறு. மூளையில் படிப்பது நாக்கின் கட்டளையைத்தானே, அதனால் அங்கே இந்த வித்தியாசம் தெளிவாகவே தெரியும் என்று நம்பக் காரணம் இருக்கிறது. 2024-ல் சாங் குழு ஸ்பானிய மொழியும் ஆங்கிலமும் பேசும் ஒருவரிடம் காட்டியது இன்னும் தெம்பு தருகிறது. இரண்டு மொழிக்கும் மூளையின் உச்சரிப்புத் தடங்கள் பொதுவாகவே இருக்கின்றன. ஒரு மொழியில் பெற்ற பயிற்சி அடுத்த மொழிக்கும் உதவியது. எந்த மொழியில் பேசுகிறார் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டியதும் இல்லை. "டாக்டர் நாளைக்கு மார்னிங் வரச் சொன்னார்" என்று பேசும் நமக்கு இதைவிட முக்கியமான ஆய்வு இல்லை.

ஆகவே தமிழ்க் கணிமையில் இருப்பவர்கள் செய்ய வேண்டிய வேலை இப்போதே இருக்கிறது, அதற்கு மூளைச் சில்லும் தேவையில்லை. பேச்சுத் தமிழின் ஒலிப்பதிவுகள், வட்டாரம் வாரியாக, எழுத்துப்படியோடு. கருவி ஒரு நாள் சென்னைக்கோ கொழும்புக்கோ வரும்போது மொழி என்ற அந்தப் பாதி தயாராக இருக்க வேண்டும்.

நம் நாட்டில் என்ன நடக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். தொப்பி வகையில் நல்ல வேலை நடக்கிறது. ஐ.ஐ.டி. கான்பூரில் அஷிஷ் தத்தா குழு, அல்ஸ்டர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, பக்கவாதத்தில் மடங்கிய கைக்கு ஒரு ரோபோ உறையைச் செய்திருக்கிறது. நோயாளி கையை விரிக்க முயலும் அந்தக் கணத்தைத் தலையிலிருந்து பிடித்து, உறை விரலை விரிக்கிறது. முயற்சியும் அசைவும் ஒரே நேரத்தில் நடந்தால்தான் மூளை மறுபடி கற்றுக்கொள்கிறது. இதே தத்துவத்தில் அமைந்த இப்சிஹேண்ட் கருவிக்கு அமெரிக்கா 2021-ல் அனுமதி கொடுத்துவிட்டது. பக்கவாதம் நம் ஊரில் எத்தனை வீட்டில் இருக்கிறது என்று யோசித்தால், எண்ணிக்கையில் அதிகம் பேருக்குப் பயன்படப்போவது இதுதான் என்று தோன்றுகிறது.

நரம்போடு மின்முனை பேசுவது நமக்கு முற்றிலும் புதிதும் இல்லை. காது கேளாமல் பிறந்த குழந்தைகளுக்குக் காக்ளியர் உள்பொருத்தி வைக்கிறார்களே, அது செவி நரம்புக்கு நேரடியாக மின்துடிப்பு கொடுக்கும் கருவிதான். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே சிறு குழந்தைகளுக்கு அதைப் பொருத்துகிறார்கள். ஒரு காலத்தில் பணக்காரர்களுக்கு மட்டும் என்று இருந்த மின்முனை, கூலி வேலை செய்பவரின் குழந்தைக்கும் வந்து சேர்ந்தது. பேச்சுக் கருவியும் அந்த வழியில் வரும் என்று நான் எதிர்பார்ப்பது இதை வைத்துத்தான்.

ஒரு எச்சரிக்கை. தலையில் பட்டை மாட்டினால் போதும், மனதைப் படிப்போம், நரம்பு நோயைக் குணப்படுத்துவோம் என்று யாராவது வந்தால் பணம் கொடுக்காதீர்கள். சில வருடங்களுக்கு முன் கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்க வைக்கிறோம் என்று "மிட்பிரெயின்" வகுப்புகள் ஊர் ஊராக நடந்தது நினைவிருக்கும். அதே ஆசை இப்போது சிப் என்ற பெயரில் வரும். மூளை-கணினி இடைமுகம் ஏ.எல்.எஸ். நோயைத் தடுக்காது, தள்ளிப்போடவும் செய்யாது. செய்தி போகும் பாதையை மட்டும் மாற்றித் தருகிறது.

அப்புறம், வீட்டில் செய்ய வேண்டியவை. ஸ்டீஃபன் ஹாக்கிங் மூளைச் சிப் மூலம் பேசினார் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் முதலில் கையால் ஒரு பொத்தானை அழுத்தியும், கையும் வராமல் போன பிறகு கன்னத்தில் ஒரு தசையை அசைத்தும்தான் பேசினார், கண்ணாடியில் இருந்த ஒரு சென்சார் அந்த அசைவைப் பிடித்தது. ஏ.எல்.எஸ். நோயில் கண்ணசைவு பெரும்பாலும் கடைசிவரை தங்கும். அதனால் கண் பார்வையைத் தொடரும் கணினித் திரையைப் பற்றி உங்கள் நரம்பியல் மருத்துவரிடமும் பேச்சுப் பயிற்சியாளரிடமும் இப்போதே கேளுங்கள், முழுக்கப் பேச்சு நின்ற பிறகு கேட்க வேண்டாம்.

அதற்கு வசதி இல்லையென்றாலும் ஓர் அட்டை போதும். 247 எழுத்தையும் எழுதத் தேவையில்லை. ஒரு பக்கம் 18 மெய், மறுபக்கம் 12 உயிரும் ஒரு புள்ளியும், ஓரத்தில் ஆய்தம். நீங்கள் மெய்யை வரிசையாகத் தொட்டுக்கொண்டே போகும்போது அவர் கண்ணை மூடித் திறந்தால் அது. பிறகு உயிர்ப் பக்கம் போங்கள். "த்", "அ" என்றால் த. "ண்", புள்ளி என்றால் ண். எந்த எழுத்தும் அதிகபட்சம் இரண்டு சிமிட்டல்தான். நம் எழுத்து முறை இப்படி அமைந்திருப்பது இந்த வேலைக்கு எவ்வளவு வசதி என்பதைப் பயன்படுத்தும்போது உணர்வீர்கள். அவர் கை இன்னும் கொஞ்சம் அசையும்போதே, பேச்சு கொஞ்சம் வரும்போதே இருவரும் பழகிவிடுங்கள். புதிதாகக் கற்பதற்கு அவருக்குத் தெம்பு இருக்கும் காலம் இதுதான்.

இந்த வாரமே செய்ய வேண்டும் என்றேனே, அது குரல். பேச்சு குழற ஆரம்பித்துவிட்டது என்கிறீர்கள், ஆரம்பித்துத்தான் இருக்கிறது. அமைதியான அறையில், மின்விசிறியை அணைத்துவிட்டு, கைபேசியை ஒரு சாண் தூரத்தில் வைத்து, களைக்காத காலை நேரத்தில் பத்துப் பத்து நிமிடமாகப் பேச விடுங்கள். படிக்கச் சொன்னால் குரல் செயற்கையாகிவிடும். சின்ன வயதுக் கதை, ஊர்த் திருவிழா, உங்கள் அப்பாவோடு போட்ட சண்டை, எது அவரைப் பேச வைக்குமோ அதைக் கேளுங்கள். வீட்டில் ஒவ்வொருவர் பெயரையும் அவர் எப்படிக் கூப்பிடுவாரோ அப்படியே கூப்பிடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பழைய வாட்ஸ்அப் குரல் செய்திகள், கல்யாண வீடியோ, யாருடைய கைபேசியிலாவது இருக்கும் பிறந்தநாள் காணொளி எல்லாவற்றையும் தேடி எடுங்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில், பக்கவாதத்தில் பேச்சிழந்த ஆன் என்ற பெண்ணுக்குக் குரல் மீண்டு வந்தது அவருடைய கல்யாண வீடியோவில் பேசியதை வைத்துத்தான். ஒருவருக்கொருவர் அனுப்பி வாங்கினால் ஒலியின் தரம் குறையும், அதனால் மூலக் கோப்பையே எடுத்து இரண்டு இடத்தில் சேமியுங்கள். எடுத்த தேதியையும், அவர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்பதையும் கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள்.